மூன்று மாப்பிள்ளைக்கு இரண்டு கால்

சத்தியம்! இந்த பஸ் ஸ்டியரிங் மேல் சத்தியம், அதைப் பிடித்திருக்கிற டிரைவர் மேல் சத்தியம், ஆபரேஷன் செய்த இந்த இடது கண் மேல் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்தக் கண்ணில் இன்றைக்கே மறுபடியும் புரை விழட்டும். வலது கண்ணை ஏன் விட்டுவிட்டேன் என்று பார்க்கிறீர்களா? அதில் ஏற்கெனவே பாதிதான் தெரிகிறது. அதை வைத்துச் சத்தியம் செய்தால் ஏமாற்று வேலை. எனக்கு அது ஆகாது.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். உங்கள் கோழி என் வேட்டியைக் கொத்துகிறது. நல்ல கோழி. வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிறாரோ? கேட்கவே வேண்டாம், தெரிகிறதே. தான் தின்னப் போகிறவன் கோழியை இவ்வளவு மரியாதையாக மடியில் வைத்துக்கொண்டு போவானா? எத்தனை மாப்பிள்ளை உங்களுக்கு? ஒன்றுதானா? கொடுத்துவைத்தவர் ஐயா. ஒரு மாப்பிள்ளை, ஒரு கோழி, இரண்டு கால். கணக்கு நேராகிவிட்டது, ஒரு கால் உங்களுக்கு மிச்சம் வேறு. எனக்கு மூன்று. நாற்காலி செய்கிற ஆசாரிகூடத் தாராளமாக நாலு வைக்கிறான், கோழியைச் செய்தவர் இரண்டோடு கையைக் கழுவிவிட்டார். மாமனார்களைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை வந்தால் கோழி அடிக்க வேண்டும். அடித்தால் கால் அவர் இலைக்குப் போக வேண்டும். நெஞ்சுக்கறியை மலைபோலக் குவித்தாலும் கால் இல்லையென்றால் விருந்து இல்லை. பெரிய மாப்பிள்ளை வேலாயுதம், நடு மாப்பிள்ளை சங்கரபாண்டி, இந்த இரண்டு பேர் மட்டும் இருந்தவரைக்கும் ஆளுக்கொரு கால் என்று என் வண்டி ஒழுங்காக ஓடியது. அப்புறம் மூன்றாவது பெண் கோமுவைக் கட்டிக்கொண்டு திருமலைக்குமார் வந்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அதிகம் பேச மாட்டான். பேசாத மாப்பிள்ளைதான் பயம், ஐயா. பேசுகிறவன் என்ன கேட்பான் என்பது தெரிந்துவிடும்.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரி சண்முகவடிவு காய்ச்சலில் படுத்தாள். அது வரைக்கும் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. அம்மாவை வந்து பார்க்க வேண்டும் என்று மூன்று பெண்களும் துடித்தார்கள். பெரியவளுக்குப் பிள்ளைகளின் பரீட்சை, நடுவுள்ளவளுக்கு மாமியாரின் இடுப்பு வலி, கோமுவுக்கோ வயிற்றில் ஐந்து மாதம். ஆகவே மூவரும் தங்கள் தங்கள் புருஷனை அனுப்பிவைத்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே நாளில் அனுப்பினார்கள். பெரியவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். நடுவுள்ளவர் சாத்துக்குடியோடும், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்பதால் ஒரு பாலிசி விளக்கத்தோடும் வந்தார். சின்னவன் கையை வீசிக்கொண்டு வந்தான். வந்து அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவ்வளவுதான் கொண்டுவந்தது.

மூன்று பேரும் வந்து சேர்ந்ததும் மழை பிடித்தது. மழை என்றால் நீங்கள் நினைக்கிற மழை இல்லை. சொட்டுக்குச் சொட்டு இளநீர் கனம். ஓடைப் பாலம் முங்கிவிட்டது. என் அடுக்களைக்குள் கெண்டை மீன் ஒன்று நீந்தி வந்து, அடுப்பைச் சுற்றிப் பார்த்து, பிடிக்காமல் திரும்பிப் போனது. அதைப் பிடித்துக் குழம்பு வைத்திருக்கலாமே என்கிறீர்களா? மாப்பிள்ளைக்கு மீன் வைத்தான் என்று பேர் எடுக்கவா? நன்றாயிருக்கிறது.

நனைந்து வந்த மூன்று பேரும் தும்ம ஆரம்பித்தார்கள். பெரியவர் தும்மினால் ஓடு இடம் மாறும், அது வேறு இடத்தில் ஒழுகும். இந்த நேரத்துக்குச் சூடாகக் கோழிச்சாறு ஒன்று இறங்கினால் எல்லாம் சரியாகும் என்று நடு மாப்பிள்ளை சொன்னார். அவர் அதை ஸ்டூ என்பார். பேர் எதுவாக இருந்தால் என்ன, கோழி வேண்டுமே? அந்த மாதம் கழிச்சல் நோய் வந்து ஊர்க் கோழியெல்லாம் போய்விட்டது. என் வீட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. முட்டையிடுவதிலிருந்து ஓய்வு பெற்ற பெட்டை. நோயே அதைப் பார்த்து ஒதுங்கிப் போனது என்றால் அதன் வயதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கோழி ஒன்று. மாப்பிள்ளை மூன்று. நான் சிரித்தேன், ஆனால் அது வெளியே மட்டும்தான். ஏன் தெரியுமா? கோமுவுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் சின்ன மாப்பிள்ளையின் அம்மா, ‘எங்க தெருவுலயே ஆஸ்பத்திரி இருக்கு, இங்கேயே பாத்துக்கிடுதோம்’ என்று ஒரு பேச்சு எடுத்திருந்தாள். இவன் ‘யோசிச்சுச் சொல்லுதேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தான். என் வீட்டுக்காரி காய்ச்சலில்கூட அதையேதான் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

“ஏங்க, சின்ன மாப்ள சொல்லிட்டாரா? கோமுவை அனுப்புவாராமா?”

“முதல்ல சாப்பிடட்டும்ளா. அப்புறம் கேப்போம்.”

சாப்பாட்டில் கால் இல்லையென்றால் பதில் என்னவாக இருக்கும்? கல்யாணப் பந்தியில் அவனுடைய பெரியப்பா ஒருவருக்கு அப்பளம் விட்டுப்போயிற்று. அந்த அப்பளத்தை அவர்கள் வீட்டில் இன்றைக்கும் நொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்பளத்துக்கே அப்படி என்றால் காலுக்கு?

சரி, பெரியவருக்குக் காலை நிறுத்தினால்? அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். அதில் எனக்கு லாபம்தான், ஆனால் என் பெரிய பெண் அழுவாள். நடுவுள்ளவருக்கு நிறுத்தினால் அவர் பேச ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பெரியவர் தேவலை.

கோழியைப் பிடிக்க மூவரும் மழையில் இறங்கினார்கள். பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று யோசனை சொன்னார். நடுவுள்ளவர் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே விபத்துக் காப்பீட்டைப் பற்றிப் பேசினார். கோழி புளியமரத்தில் ஏறி, மரத்திலிருந்து கூரைக்குப் பறந்து, கூரையிலிருந்து மேகத்துக்குப் போகப் பார்த்தது. சின்னவன் ஒரே தாவு. பிடித்துவிட்டான். நான் திண்டில் சாய்ந்தபடி ‘அப்படிப் பிடி, இப்படிப் பிடி’ என்று சொல்லாமல் இருந்திருந்தால் அது இந்நேரம் இலங்கையில் இருந்திருக்கும்.

சமைத்தது யார் என்கிறீர்கள்? நான்! வாழ்க்கையில் வெந்நீர்கூட வைத்தறியாத நான், ஒரு ஆள், தனியாக. வீட்டுக்காரி கட்டிலில் கிடந்தபடி ஒன்றிரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள், அதை ஒரு உதவி என்று சொல்ல முடியாது.

“ஏங்க, மண்பானையை எடுங்க.”

அதை எடுக்கத்தான் நானும் இருந்தேன். வீட்டில் உள்ள மற்றப் பாத்திரமெல்லாம் ஒழுகுகிற இடங்களுக்கு வைத்தாயிற்று. குண்டான் முதல் குங்குமச் சிமிழ் வரைக்கும் மழைத் தண்ணீர். சோற்றுப் பானையை விட்டால் மிஞ்சியது அந்தப் பானை ஒன்றுதான். எல்லாம் அதற்குள்ளேயே வேக வேண்டும்.

“நல்லெண்ணெய் ஊத்தி, சின்ன வெங்காயத்தை முழுசாப் போடுங்க. வெட்டிராதீங்க.”

நான் வெட்டுவேனா?

“பூண்டும் முழுசு. இஞ்சியைத் தட்டிப் போடுங்க. மிளகும் சீரகமும் ஒண்ணும் பாதியுமா இடிச்சாப் போதும். மஞ்சள் மறக்காதீங்க. ஏங்க, கேக்குதா?”

“தெரியும்ளா, நீ பேசாமப் படு.”

“கறியைப் போட்டுப் பெரட்டிட்டு ரெண்டாம் பாலை ஊத்துங்க. மொதப் பாலை இப்ப ஊத்திராதீங்க, திரிஞ்சிரும். எறக்கி வச்ச பெறகுதான் ஊத்தணும்.”

இப்படி ஏதோ பிதற்றினாள், பாவம், காய்ச்சல். கரண்ட் இல்லாததால் தேங்காயை அம்மியில் அரைத்து, சின்னவன் பால் பிழிந்து வைத்தான். விறகு நனைந்து கிடந்தது, அவனே ஊதிப் பற்றவைத்தான். உருளைக்கிழங்கையும் அவனே தோல் சீவினான். அரிவாள்மனை எனக்குப் பழக்கமில்லை. மற்றதெல்லாம் நான்தான்.

கோழியைத் துண்டு போட்டதும் ஆரம்பித்தது ஊர்வலம். முதலில் பெரியவர் வந்தார். அடுக்களை நிலையில் கையை வைத்துக்கொண்டு, “மாமா, எனக்குன்னு தனியா எதுவும் மெனக்கெட வேண்டாம். எப்பவும்போலக் கால் மட்டும் இருந்தாப் போதும்” என்றார். என்ன அடக்கம் பாருங்கள்!

அவர் நகர்ந்ததும் நடுவுள்ளவர் வந்தார். “அண்ணாச்சி காலைக் கேட்டாரோ? அவருக்கு முட்டுவலி இருக்கு மாமா. கால் கறி ஒத்துக்கிடாது. அவரு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“உங்களுக்கு?”

“எனக்கென்ன மாமா, எதைக் குடுத்தாலும் திம்பேன். அவருக்கு ஒத்துக்கிடாத அந்தக் காலையும் வேணும்னா தின்னுருதேன்.”

கடைசியாகச் சின்னவன் வந்தான். “அத்தைக்கு வெந்நி வேணும் மாமா” என்று ஒரு செம்பை நீட்டினான்.

பார்த்தீர்களா தந்திரத்தை! வாயைத் திறந்து காலைக் கேட்கவில்லை. வெந்நீர் கேட்கிறான். இப்படிப்பட்டவனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். இவனுக்குக் கால் இல்லையென்றால் என் கோமு அவ்வளவுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

உள்ளே போய் வீட்டுக்காரியிடம் ரகசியமாகச் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“காலே தெரியாம குழைய விட்டுருங்க. கறியெல்லாம் கழண்டு வந்ததும் எலும்பைப் பூரா அள்ளி எடுத்துருங்க. பெறகு எது காலு, எது நெஞ்சுன்னு யாருக்குத் தெரியும்?”

எனக்கும் அதே யோசனைதான் நுனி நாக்கில் நின்றது. காய்ச்சல்காரிக்கு வாய் வேகம் அதிகம், முந்திக்கொண்டாள்.

ஆனால் அந்தக் கோழி குழைய வேண்டுமே! ஒரு கொதி வந்தது, கோழி அசையவில்லை. கரண்டியால் குத்தினேன், கரண்டி வளைந்தது. விறகு தீர்ந்தது. உடைந்த ஏணியை வைத்தேன். ஏணி தீர்ந்தது. மாட்டுத் தொழுவத்தின் கதவை வைத்தேன். மாடு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மத்தியானம் வைத்த அடுப்பு, விளக்கேற்றும் நேரம் வரைக்கும் எரிந்தது. வாசம் எழும்பியது பாருங்கள், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முருகன் பக்கத்தில் நிற்கிற மயில் கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தது. அடுத்தது தானோ என்ற கவலை அதற்கு. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடது கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் கோழி தோற்றது. கறி பஞ்சாகக் கழன்று விழுந்தது. எலும்பையெல்லாம் அகப்பையால் அரித்து எடுத்து வாழை மரத்தடியில் புதைத்தேன். தடயமே இருக்கக் கூடாது அல்லவா? பானையை இறக்கி, முதல் பாலை ஊற்றி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன். வெள்ளை வெளேரென்று, மேலே மிளகு மிதக்க, வெங்காயம் முழுசு முழுசாக. அதற்குள் எங்கேயோ இரண்டு கால்கள் கரைந்து கிடந்தன.

இலை போட்டேன். சோறு, அதன் மேல் சாறு. பெரியவர் விரலை விட்டுத் துழாவினார். கிழங்கை ஒதுக்கினார், வெங்காயத்தை ஒதுக்கினார், சோற்றைக் கிணறு தோண்டுவதுபோலத் தோண்டினார்.

“மாமா, கால்?”

“உள்ளதான் இருக்கு மாப்ளே.”

“எதுக்குள்ள?”

“சாமி எங்க இருக்காருன்னு கேட்டா என்ன சொல்லுவிய? எல்லாத்துலயும் இருக்காரு. தேடக் கூடாது, அனுபவிக்கணும்.”

நடுவுள்ளவர் பெரியவரின் இலையை ஒரு பார்வை பார்த்தார், பெரியவர் நடுவுள்ளவரின் இலையை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து சின்னவனின் இலையைப் பார்த்தார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் முதல் கவளம் உள்ளே போனது. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. பெரியவரின் தும்மல் பாதியில் நின்று திரும்பிப் போனது. நடுவுள்ளவர் பாலிசியை மறந்தார். ‘இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா’ என்பதைத் தவிர வேறு சத்தமில்லை.

சின்னவன் மட்டும் இலையைத் தொடவில்லை.

கண்டுபிடித்துவிட்டான்! முடிந்தது. கோமுவுக்குப் பிரசவம் அந்தத் தெருவில்தான், பேரப்பிள்ளையை நான் பந்தல் விருந்தாளி மாதிரிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

“என்ன மாப்ளே, சாப்பிடாம இருக்கிய? காலு...”

“அத்தைக்குக் குடுத்தாச்சா மாமா?”

“அவளுக்குக் காய்ச்சல். தெளிஞ்ச சாறு ரெண்டு மடக்கு போதும். அதுவும் நீங்கெல்லாம் சாப்பிட்ட பெறகு.”

அவன் எழுந்தான். மாப்பிள்ளை பந்தியிலிருந்து எழுந்தால் மாமனாருக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்! நேரே பானைக்குப் போனான். ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த கிண்ணம் ஒன்றைக் கழுவி, அதில் சாற்றை விட்டுக் கறியாக அள்ளினான், அள்ளிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து கட்டிலுக்குக் கொண்டுபோனான். அவள் பதறி எழுந்து சேலைத் தலைப்பை இழுத்து மூடினாள்.

“ஐயோ மாப்ள, நீங்க சாப்பிடுங்க. நான் கடைசில...”

“நீங்க சாப்பிட்டீங்களான்னு பாத்துட்டு வரச் சொல்லித்தான் கோமு அனுப்பியிருக்கா. நான் போய் என்ன சொல்ல?”

வேறு வழியில்லாமல் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். வாய்க்குள்ளே நாக்கு எதையோ தேடுவது வெளியே தெரிந்தது. அரித்த எலும்பில் ஒன்று தப்பிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

“என்னளா, எலும்பு கெடக்கா?”

“இல்ல” என்றாள். கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். “எலும்பே இல்லியே.”

பிறகு மெதுவாகக் கேட்டாள்: “கறின்னா இப்படியாங்க இருக்கும்?”

கேட்கிறாள் பாருங்கள் கேள்வியை! காய்ச்சலில் நாக்கு செத்துப்போய்விட்டால் இப்படித்தான். கல்யாணமான காலத்திலிருந்து எங்கள் வீட்டில் கோழிக்குக் குறைச்சலே இல்லை. இவள்தான் ஆக்குகிறாள், இவளுக்குத் தெரியாத கறியா? எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியை வழித்துப் போட்டுக்கொண்டு கழுத்தை எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கழுத்துதான் பிடிக்கும். கழுத்து இல்லையென்றால் முதுகு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவளாகவே எடுப்பதுதான். ஒரு நாளாவது வேண்டாம் என்று நான் தடுத்திருப்பேனா? தடுக்கிற ஆள் இல்லை நான்.

பெரியவரும் நடுவுள்ளவரும் கை நனைந்தபடியே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்புக் கூடிவிட்டதோ என்று நினைத்தேன். சின்னவன் என்னையே பார்த்தான்.

“கோமுவும் எங்க வீட்டுல கழுத்தைத்தான் எடுக்கா மாமா” என்றான். “பிடிக்கும்னு சொன்னா.”

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! “பின்ன? யாரு பிள்ளை! அம்மையோட ருசி அப்படியே வந்திருக்கு பாருங்க” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் திரும்பினான். “அத்தே, கார்த்திகை பொறக்கவும் கோமுவைக் கொண்டாந்து விடுதேன். பிரசவத்துக்கு மட்டும் இல்ல, ஒடம்பு தேறி அவளா வாறேங்குற வரைக்கும் இங்க இருக்கட்டும். எங்கம்மாட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க சாப்பிடுங்க. முழுசாச் சாப்பிடுங்க.”

வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள். மிளகு கொஞ்சம் தூக்கல், அதுதான். கிண்ணம் காலியானது. மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

எப்படி? ஒரு பானைச் சாறு! எத்தனை பெரிய மனிதர்களைக் கூட்டிப் பஞ்சாயத்துப் பேசினாலும் நடக்காத காரியம், என் கைப்பக்குவத்தில் நடந்தது. கோமு வந்தாள், என் வீட்டிலேயே பெற்றாள், தாயும் பிள்ளையும் சௌக்கியம். சின்னவன் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டான். வருகிறபோதெல்லாம் இலையில் உட்காருவதற்கு முன்னால் அத்தைக்கு வைத்தாயிற்றா என்று கேட்கிறான். என் சமையல் அவனை அவ்வளவு பாதித்துவிட்டது.

வீட்டுக்காரிக்கும் அது மறக்கவில்லை. இப்போதுகூட வானம் இருட்டினால் வந்து நிற்கிறாள். “ஏங்க, அந்தச் சாறு இன்னொருக்க வச்சுத் தாங்களேன்.”

“எதுக்குளா?” என்கிறேன். “மாப்ள எவனும் வரலியே!”

இதோ, கடையம் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும். ஒன்றே ஒன்று. அந்தக் கால்களை வேண்டுமென்றே கரைத்த விஷயம் வெளியே போகக் கூடாது. கால் இரண்டையும் தின்றது யார் என்று பெரியவர் இன்னும் நடுவுள்ளவர்மேல் சந்தேகத்தில் இருக்கிறார், நடுவுள்ளவர் பெரியவர்மேல். வீட்டில் ஒரு நிம்மதி நிலவுகிறது, அதைக் கெடுத்துவிடாதீர்கள். அந்தக் கண்டக்டர் வேறு பெரியவருக்குப் பங்காளி, மெதுவாகப் பேசுங்கள். அப்படியே யாராவது துருவிக் கேட்டாலும் என் பேரோ ஊரோ உங்கள் வாயில் வரக் கூடாது. பஸ்ஸில் யாரோ சொன்னார், முகம் ஞாபகமில்லை, வீட்டுக்காரியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிற ஒரு நல்ல மனிதர் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.